அரசர் இல்லாத அரச ஓவியம்



அறம் செய்தவர்களைச் சிறப்பிக்கும் ஓவியங்களுக்கு ஐரோப்பாவில் குறைவே இல்லை. அங்குள்ள பழைய முதியோர் இல்லங்களிலும் அநாதை விடுதிகளிலும் நுழைந்தால், பெரிய கூடத்தின் சுவரிலிருந்து ஓர் அரசரோ அரசியோ நம்மை நோக்குவார். கையில் சாசனச் சுருள் இருக்கும். பின்னால் அமைச்சர்களும் பிரபுக்களும் நிற்பார்கள். ஏழைகளும் இருப்பார்கள், ஆனால் படத்தின் ஓரத்தில், பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, முகம் சரியாகத் தெரியாதபடி இருப்பார்கள். கொடுத்தவருக்கு நடுவிடமும் பெற்றவருக்கு ஓரமும் என்பது அந்தக் கலையில் எழுதாத விதி.

இம்மாதம் நாம் பார்க்கப்போகும் தைல வண்ண ஓவியம் அந்த விதியை முற்றிலும் மீறியது. இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற அரச அறநிலையம் ஒன்றைப் பற்றியது அது. ஆனால் அதில் அரசர் இல்லை, சாசனம் இல்லை, பிரபுக்கள் இல்லை. இருப்பவர்கள் அனைவரும் அந்த அறத்தின் சோற்றை உண்டு வாழ்ந்த கிழவர்கள். ஹூபர்ட் ஹெர்கோமர் என்னும் ஓவியர் 1875-ஆம் ஆண்டு மக்கள் முன் வைத்த அந்த ஓவியத்தின் பெயர் ‘கடைசி அணிவகுப்பு’. படைவீரர்களை வரிசையில் நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள் அல்லவா, அதைக் குறிக்கும் சொல்லையே ஓவியர் தலைப்பாகத் தேர்ந்தார்.

ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள பெரிய ஓவியம் அது. இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியை ஒட்டிய செல்சி என்னும் பகுதியில் இருக்கும் படைவீரர் இல்லத்தின் ஆலயம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரம். இருக்கைகளில் வரிசை வரிசையாக முதியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சிவப்பு மேலங்கி, நரைத்த தலை, வழுக்கைத் தலை, ஒட்டிய கன்னம், சிலர் மார்பில் பதக்கம். ஒருவர் செபத்தில் ஆழ்ந்திருக்கிறார். ஒருவருடைய கண்கள் எங்கோ தொலைவில், ஒருவேளை ஏதோ ஒரு பழைய போர்க்களத்தில், நிலைத்திருக்கின்றன. ஒருவருக்கு வெறும் களைப்பு. எந்த முகமும் இன்னொரு முகத்தைப் போல இல்லை. ஒவ்வொரு முகமும் தனித்தனிக் கதை சொல்ல வேண்டும் என்பதே ஓவியருடைய நோக்கம். அதற்காக அந்த இல்லத்தில் வாழ்ந்தவர்களையே தம் எதிரில் அமர வைத்து வரைந்தார்.

படத்தை முதலில் பார்ப்பவருக்கு இது அமைதியான ஒரு வழிபாட்டுக் காட்சியாகவே தோன்றும். சற்று நின்று பார்த்தால்தான் முன்வரிசையில் ஏதோ நடந்திருக்கிறது என்பது புலப்படும். அங்கே ஒரு முதியவரின் தலை சாய்ந்திருக்கிறது. தூங்குகிறாரோ என்று நினைக்கிறோம். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் தோழரின் கை அவருடைய மணிக்கட்டின்மேல் இருக்கிறது. நாடி பார்க்கிறார். நாடி இல்லை. அல்லது இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே இன்னும் உறுதியாகவில்லை. கூச்சல் போடவில்லை, எழுந்து நிற்கவில்லை, பின்வரிசைக்காரர்களுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. வழிபாடு நடந்துகொண்டே இருக்கிறது. கணக்கெடுப்பில் ஒரு பெயர் குறைந்துவிட்டது என்பதை அந்த ஆலயத்தில் இப்போதைக்கு ஒரே ஒருவர்தான் அறிவார்.

மரணத்தை வரைந்த ஓவியர்கள் எத்தனையோ பேர். ஆனால் மரணத்தை இவ்வளவு அடக்கமாக, விரல் நுனியில் வைத்து வரைந்தவர் அரியர் என்பது என் எண்ணம். போர்க்களத்தில் எத்தனையோ முறை சாவைப் பக்கத்தில் கண்டவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சாவு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளைச் சட்டைக் கழுத்தோடு, துலக்கிய பொத்தான்களோடு வந்து சேருகிறது. பக்கத்தில் ஒரு தோழரின் கை இருக்கிறது.

இனி அந்த இல்லத்தின் கதைக்கு வருவோம். ‘செல்சி அரச ஆஸ்பத்திரி’ என்று அதற்குப் பெயர். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் இலத்தீன் வேர் விருந்தினரைக் குறிப்பது. விருந்தினரை ஏற்றுத் தங்க வைக்கும் இடம் என்பதே பழைய பொருள். முதுமையாலும் போரினாலும் தளர்ந்த படைவீரர்களுக்கு உணவும் உறையுளும் உடையும் தருவதற்காக இரண்டாம் சார்லஸ் மன்னர் ஏற்படுத்திய இல்லம் இது. அரசாணை 1681 டிசம்பரில் பிறந்தது. அடுத்த ஆண்டு கட்டுமானம் தொடங்கியது. இலண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பவரே இதற்கும் சிற்பி. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் 1670-இல் முடமான படைவீரர்களுக்குப் பாரிஸ் நகரில் ஒரு மாபெரும் இல்லம் ஏற்படுத்தியிருந்தார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் 1680-இல் ஒன்று தொடங்கப்பட்டது. அவற்றைப் பார்த்துப் பிறந்த எண்ணம்தான் செல்சி.

தேவையும் இருந்தது. அதற்குமுன் இங்கிலாந்தில் நிலையான அரசுப் படை என்ற ஏற்பாடு உறுதியாக இருந்ததில்லை. சார்லஸ் மன்னர் 1660-இல் அரியணை ஏறிய பிறகுதான் அது வேரூன்றியது. இருபது ஆண்டுகள் சென்றதும் அந்தப் படைவீரர்கள் முதுமையடைந்தார்கள். ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லாத காலம். நடக்க முடியாத கிழவர்களையும் வரிசையிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே விட்டால் தெருவில் பிச்சைதான். ஆப்பிரிக்காவின் வடகோடியில் இருந்த டாஞ்சியர் கோட்டையில் போரிட்டு ஊனமுற்றவர்களும் இவர்களோடு சேர்ந்தார்கள். அந்த டாஞ்சியர் சார்லஸ் மன்னருக்குச் சீதனமாக வந்தது. போர்த்துக்கல் நாட்டு இளவரசி கத்தரீனாவை அவர் மணந்தபோது, சீர்வரிசையில் டாஞ்சியரும் இருந்தது, நம் பம்பாயும் இருந்தது. ஒரே சீதனத்தில் வந்த இரண்டில் ஒன்று செலவு தாங்காமல் 1684-இல் கைவிடப்பட்டது. மற்றொன்று என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

சார்லஸ் மன்னரின் நன்கொடையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மன்னரின் அன்புக்குரியவராயிருந்த நெல் க்வின் என்னும் நாடக நடிகை, தெருவில் பிச்சையெடுத்த ஒரு பழைய படைவீரரைக் கண்டு மனமுருகி, மன்னரிடம் மன்றாடி இந்த இல்லத்தைக் கட்டச் செய்தாராம். குடும்பப் பத்திரிகையில் இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை. கதை அழகாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ஆதாரத்தோடு நிற்பவர் வேறொருவர். அவர் சர் ஸ்டீபன் ஃபாக்ஸ். எளிய குடும்பத்தில் பிறந்து, மன்னரின் படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் உயர் அதிகாரியானவர். அவரும் ஜான் ஈவ்லின் என்னும் நாட்குறிப்பாளரும் கலந்து பேசித் திட்டம் வகுத்தார்கள். இடம் தேடியபோது, செல்சியில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய கல்லூரி கண்ணில் பட்டது. அதை மன்னரே முன்பு அரச அறிவியற் கழகத்துக்குக் கொடுத்திருந்தார். கொடுத்ததை 1,300 பவுனுக்குத் திரும்ப வாங்கினார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். அறநிலையங்களின் கதையில் கல்வெட்டைப் படிப்பவர்கள் பலர்; கணக்குப் புத்தகத்தைப் புரட்டுபவர்கள் சிலர். கட்டி முடிக்க ஏறக்குறைய 1,50,000 பவுன் செலவாயிற்று. அதில் சார்லஸ் மன்னர் அளித்தது 7,000 பவுனுக்கும் குறைவு. அதுவும் இரகசியப் பணிகளுக்காக ஒதுக்கிச் செலவாகாமல் மிஞ்சிய தொகை. நாட்டு மக்களிடம் நன்கொடை கேட்டார்கள், வந்தது சொற்பம். பிறகு பணம் எங்கிருந்து வந்தது?

படைவீரர்களின் சம்பளத்திலிருந்துதான் வந்தது. அந்நாளில் படையின் ஊதியத்தில் பவுனுக்கு ஒரு ஷில்லிங், அதாவது இருபதில் ஒரு பங்கு, பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பட்டுவாடா அதிகாரிகள் செல்வந்தரானதே அந்தப் பிடித்தத்தினால்தான். ஃபாக்ஸ் அவர்களும் அதற்கு விலக்கல்லர். அந்தத் தொகையின் பெரும்பகுதியை இல்லத்துக்கெனத் திருப்பிவிட்டார்கள். போதவில்லை. ஆகவே ஒவ்வொரு படைவீரரும் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தை இல்லத்துக்காக இழக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். சாதாரணக் காலாட்படை வீரருக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் கூலி. அதில் 6 பென்ஸ் சாப்பாட்டுக்கே போய்விடும். அந்த 8 பென்ஸ் ஊதியத்திலிருந்துதான் ‘அரச’ அறநிலையத்தின் செங்கற்கள் பெரும்பாலும் வாங்கப்பட்டன. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். அவளாவது தானாக மனமுவந்து போட்டாள். இவர்களைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் சார்லஸ் மன்னருக்குப் பெருமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மனம் வைத்திராவிட்டால் இல்லம் எழும்பியிராது. பிடித்த பணத்தைப் பிடித்தவர்களே விழுங்காமல் உரியவர்களுக்குத் திரும்பச் செய்ததும் ஓர் அறமே. ஆனால் பெற்றவர்கள் பிச்சை பெறவில்லை. பல ஆண்டுகள் முன்கூட்டியே செலுத்திய கடனைத்தான் முதுமையில் திரும்பப் பெற்றார்கள். அந்த முகங்களில் கூனிக்குறுகல் இல்லாததற்குக் காரணம் இது என்று ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

விழுங்கியவர்களும் இல்லாமல் இல்லை. இல்லத்தின் பொருளாளராக இருந்த ரானெலா பிரபு, ஏழை வீரர்களுக்கான நிலத்தின் ஒரு பகுதியிலேயே தமக்கு அழகான மாளிகையும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். படைக் கணக்கில் முறைகேடு செய்தார் என்பதற்காக 1703-இல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அறக்கட்டளைகளின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஒருவர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் எதிர்ப்படுவார்.

சார்லஸ் மன்னர் இல்லம் முடிவதைக் காணவில்லை. 1685 பிப்ரவரியில் இறந்தார். கத்தோலிக்க வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி சுவையாக இருக்கும். மரணப் படுக்கையில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டவர் ஜான் ஹடில்ஸ்டன் என்னும் பெனடிக்ட் சபைக் குருவானவர். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், 1651-இல், உஸ்டர் போரில் தோற்று உயிருக்குத் தப்பியோடிய இளைஞர் சார்லஸைப் பாதுகாத்தவர்களுள் இவரும் ஒருவர். அந்த ஓட்டத்தின்போதுதான் சார்லஸ் ஒரு கருவாலி மரத்தின் கிளைகளுக்கிடையே ஒரு நாள் முழுவதும் ஒளிந்திருந்தார். மரத்தின் கதைக்குப் பின்னர் வருவோம்.

இல்லம் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் விரிந்து, வில்லியம், மேரி காலத்தில் 1692-இல் நிறைவெய்தியது. முதலில் 476 பேர் குடியேறினார்கள். நீண்ட கூடங்களின் இருபுறமும் மரப்பலகையால் தடுக்கப்பட்ட சிறு அறைகள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், ஆறடி அகலம். ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவே. ஆயினும் அந்த ஆறடிக்கு ஒரு கதவு இருந்தது. அதற்குள் அவர் தம்முடைய பொருள்களோடு தாமாக இருக்கலாம். மனைவிக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இல்லத்துக்கு வெளியே தங்கி உதவித்தொகை மட்டும் பெற்ற பழைய வீரர்கள் பல்லாயிரவர். உள்ளே இடம் பெற்றவர்கள் சில நூற்றுவரே. ஓவியத்தில் நாம் காண்பது பேறு பெற்ற சிலரை.

மன்னருக்கு அங்கே ஓவியமே இல்லையா என்றால், இருக்கிறது. இல்லத்தின் நடுக்கட்டடத்தில் ஒருபுறம் ஆலயம், எதிர்ப்புறம் உணவுக்கூடம். உணவுக்கூடத்துச் சுவரில் சார்லஸ் மன்னர் குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருக்கும் பெரிய சுவரோவியம் இருக்கிறது. அந்தோனியோ வெரியோ என்னும் இத்தாலியர் தொடங்க, ஹென்றி குக் என்பவர் முடித்தார். மன்னரைச் சுற்றி உருவக மாந்தர்கள். பின்னணியில் அவர் நிறுவிய இல்லம். நான் முதலில் சொன்னேனே, அந்த எழுதாத விதிக்கு இது தக்க சான்று. முற்றத்தில் மன்னருக்கு ஒரு வெண்கலச் சிலையும் உண்டு. கிரின்லிங் கிப்பன்ஸ் பெயரால் வழங்கும் அச்சிலையில் சார்லஸ் உரோமைத் தளபதியின் உடையில் நிற்கிறார். நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே கட்டடத்தின் எதிர்ப்பக்கத்துக்கு ஹெர்கோமர் வந்தார். குதிரையையும் மன்னரையும் அவர் தேடவில்லை.

யார் இந்த ஹெர்கோமர்? ஜெர்மனியில் பவேரியா நாட்டு வால் என்னும் சிற்றூரில் 1849-இல் பிறந்தவர். தந்தை மரச்சிற்பி, தாய் பியானோ கற்பிப்பவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் 1851-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கும் வாழ்வு கைகூடவில்லை. 1857-இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தாயின் பியானோப் பாடங்களில் வந்த சில ஷில்லிங்குகளில் குடும்பம் ஓடியது. வறுமையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாயை அவர் மறக்கவுமில்லை. பிற்காலத்தில் புகழும் பொருளும் சேர்ந்தபின், பவேரியாவில் லெக் ஆற்றங்கரையில் உள்ள லாண்ட்ஸ்பெர்க் நகரில் ஒரு கோபுரம் கட்டி, அதற்குத் ‘தாய்க் கோபுரம்’ என்று பெயரிட்டார். அது இன்றும் நிற்கிறது.

அந்நாளில் இலண்டனில் ‘கிராஃபிக்’ என்றொரு படவாரப் பத்திரிகை இருந்தது. 1869 இறுதியில் தொடங்கப்பட்டது. ஏழை எளியவர்களின் வாழ்வை மரச்செதுக்குப் படங்களாக வெளியிடுவது அதன் தனிச்சிறப்பு. பிழைப்புக்காக ஹெர்கோமர் அதற்குப் படம் வரைந்தார். 1871 பிப்ரவரியில் ‘செல்சி இல்லத்தில் ஞாயிறு’ என்ற அவருடைய படம் அதில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21. முதியவர்களின் வரிசை, சாய்ந்த தலை, பக்கத்துத் தோழரின் கை எல்லாம் அந்தச் சிறு படத்திலேயே வந்துவிட்டன. அது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அதையே பெரிய திரையில் வண்ணத்தில் தீட்டி, இலண்டன் அரச கலைக்கழகத்தின் 1875-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். தேர்வுக் குழுவினர் முன் அது கொண்டுவரப்பட்டபோது அவர்கள் கைதட்டினார்கள் என்று சொல்வதுண்டு. ஒரே நாளில் ஊரறிந்த ஓவியரானார். 1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த ஓவியத்துக்கு உயர்ந்த மதிப்புப் பதக்கம் கிடைத்தது.

செல்சி முதியவர்கள் ஓவியத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை அன்று. சர் டேவிட் வில்கி என்னும் ஸ்காட்லாந்து ஓவியர், 1815-ஆம் ஆண்டின் வாட்டர்லூ வெற்றிச் செய்தியை அவர்கள் தெருவில் கூடிப் படிப்பதாக வரைந்த படம் 1822-இல் வெளிப்பட்டு, கூட்டத்தைத் தடுக்க வேலி போட வேண்டிய அளவுக்குப் பெயர் பெற்றது. அதை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர் வாட்டர்லூவை வென்ற வெல்லிங்டன் பிரபு. திப்பு சுல்தானுக்கு எதிரான 1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணப் போரில் நம் நாட்டில் இருந்தவர் அவர். வில்கியின் ஓவியம் கலகலப்பானது, உற்சாகம் பொங்குவது. ஆனால் அதிலும் முதியவர்கள் ஒரு தளபதியின் வெற்றிக்குக் கைதட்டத்தான் வந்திருக்கிறார்கள்.

ஹெர்கோமரின் முதியவர்கள் யாருக்கும் கைதட்டவில்லை. அந்த ஆலயத்தில் பகைவரிடம் கைப்பற்றிய கொடிகள் தொங்குவது வழக்கம். அவற்றையும் அவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. பீடத்துக்குமேல் அரைக்கோள விதானத்தில் செபஸ்தியானோ ரிச்சி என்னும் வெனிஸ் நகரத்து ஓவியர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஆண்டவரின் உயிர்ப்பு ஓவியம் இருக்கிறது. ஹெர்கோமர் அதைத் தம் படத்துக்குள் கொண்டுவரவில்லை. ஆயினும் அந்த ஆலயத்தை அறிந்தவர்களுக்கு, அந்தத் தலை எந்த ஓவியத்தின் எதிரில் சாய்ந்தது என்பது தெரியும்.

ஓவியத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. கண்ணீர் வரவழைக்கும் தந்திரம் இது என்றார்கள். பிற்கால விமரிசகர்களுக்கு விக்டோரியா காலத்து உருக்கம் என்றாலே கசந்தது. ஆனால் ஹாலந்து நாட்டிலிருந்து ஓர் ஏழை ஓவியர், ‘கிராஃபிக்’ இதழ்களைத் தேடிப் பிடித்து, ஹெர்கோமரின் படங்களைப் பொக்கிஷம்போல் சேர்த்து வைத்துக்கொண்டார். அவர் வின்சென்ட் வான் கோ. 1882-இல் ஹேக் நகரில் ஒரு முதியோர் விடுதிக் கிழவர்களை அமர வைத்து அவர் வரைந்த கோட்டோவியங்களில், செல்சி முதியவர்களின் சாயல் தெரிகிறது. வான் கோ ஏமாறுகிறவர் அல்லர்.

ஹெர்கோமர் தந்திரக்காரர் அல்லர் என்பதற்கு என்னிடம் இன்னொரு சான்றும் இருக்கிறது. செல்சி ஓவியத்தால் கிடைத்த புகழை வைத்துக்கொண்டு அவர் வேறு அரச இல்லங்களைத் தேடிப் போயிருக்கலாம். அவர் போனது வெஸ்ட்மின்ஸ்டர் ஏழைவிடுதிக்கு. 1834-ஆம் ஆண்டின் ஏழைச் சட்டத்தின்கீழ் நடந்த விடுதி அது. ஏழைகள் உள்ளே வரத் தயங்க வேண்டும் என்பதற்காகவே வாழ்வைக் கடுமையாக்கி வைப்பது அச்சட்டத்தின் கொள்கை. கணவனும் மனைவியும் சேர்ந்து நுழைந்தால் பிரித்து வைப்பார்கள். அங்கிருந்த முதிய பெண்களை ஹெர்கோமர் முதலில் 1877-இல் ‘கிராஃபிக்’ இதழுக்கும், பிறகு 1878-இல் ‘அந்திப் பொழுது’ என்ற பெரிய தைல ஓவியமாகவும் வரைந்தார். நீண்டு வெறிச்சோடிய கூடம். ஒரு மேசையைச் சுற்றிச் சில கிழவிகள் தேநீரும் தையலுமாக இருக்கிறார்கள். லிவர்பூல் நகரின் வாக்கர் கலைக்கூடத்தில் அது இருக்கிறது.

இரண்டையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படைவீரர்களுக்குச் சிவப்பு அங்கி, பதக்கம், வரிசையில் தமக்கென ஓரிடம். அந்தப் பெண்களும் வாழ்நாள் முழுதும் உழைத்தவர்கள்தாம். துணி வெளுத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பிறர் வீட்டில் சமைத்தவர்கள். அவர்களுடைய கூலியில் ஆண்டுக்கு ஒரு நாள் பிடித்து முதுமைக்கு வைத்துக் கொடுத்தவர் எவருமில்லை. அவர்களை எண்ணிப் பார்க்க ஒரு மன்னரும் முன்வரவில்லை. செல்சி ஓவியத்தை வாங்கவும் மெச்சவும் போட்டியிட்ட பணக்காரர்கள், ‘அந்திப் பொழுது’ படத்தின் முன் சற்று விரைவாகவே நடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மரியாதையோடு சாய்ந்து இறந்த வீரரைப் பார்த்து அழுவது எளிது. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாத கிழவியைப் பார்த்தால் யாரோ கணக்குக் கேட்பது போலிருக்கும்.

‘கடைசி அணிவகுப்பு’ இப்போது லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள போர்ட் சன்லைட் என்னும் ஊரில் இருக்கிறது. சன்லைட் சோப்பு நம் வீட்டுத் துவைகல்லுக்கு அந்நியமானதன்று. அந்தச் சோப்பின் பெயரால் அமைந்த ஊர்தான் அது. சோப்பு ஆலை அதிபர் லீவர் பிரபு, இறந்துபோன தம் மனைவி எலிசபெத்தின் நினைவாக 1922-இல் அங்கே ஒரு கலைக்கூடம் திறந்தார். அதில் இந்த ஓவியத்தைக் காணலாம்.

செல்சி இல்லமும் நிற்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் குண்டு விழுந்து, ஒரு பகுதி இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. ஆறடி அறைகள் 1950-களில் ஒன்பதடியாயின; இந்த நூற்றாண்டில் இன்னும் வசதியாக மாற்றப்பட்டன. 2009-இல் முதன்முறையாகப் பெண் படைவீரர்கள் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். முந்நூற்றுப் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தபின்.

ஆண்டுதோறும் மே 29-ஆம் நாளையொட்டி, சார்லஸ் மன்னரின் பிறந்தநாளையும் அவர் அரியணைக்குத் திரும்பிய நாளையும் நினைத்து, நிறுவனர் நாள் கொண்டாடுகிறார்கள். முன்பு சொன்ன கருவாலி மரத்தின் நினைவாக மன்னரின் சிலையை அம்மரத்தின் தழைகளால் மூடுகிறார்கள். முதியவர்களும் ஒவ்வொரு தழையைச் சட்டையில் செருகிக்கொள்கிறார்கள். அரச குடும்பத்தார் ஒருவர் வந்து வரிசையைப் பார்வையிடுகிறார். எழுந்து நிற்க இயலாதவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றி உயர்த்தி, நிறுவனரான மன்னருக்கு மும்முறை வாழ்த்தொலி எழுப்புகிறார்கள். பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாத தோழர்கள் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை பேர் என்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். வாழ்த்து முடிந்ததும் கலைந்து சாப்பாட்டுக்குப் போகிறார்கள். உணவுக்கூடத்துச் சுவரில் மன்னர் குதிரைமேல் இருக்கிறார். எதிர்ப்புறத்து ஆலயத்தின் கதவு திறந்திருக்கிறது.